உச்சுக்கொட்டினால் நடக்கும் குதிரை

மாமா குதிரைமேல் உட்கார்ந்திருந்தார். வேட்டி முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. அதை இழுத்துவிடக் கை எடுத்தால் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் இரண்டு கையாலும் பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். குதிரை ஒன்றுமே செய்யவில்லை. வெயிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

“எறக்கி வுடு மாப்ள” என்றார்.

அண்ணன் கடிவாளத்தைப் பிடித்தபடி கீழே நின்றான். “என்னா வேல பாக்குறேன்னு கேட்டீங்கல்ல மாமா, இதான் வேல. மேல ஏறி உக்காந்தா பயம் போவணும். அதச் சொல்லிக் குடுக்குறேன்.”

“பயம் போவலடா, உசுருதான் போவுது.”

“பொண்ணக் குடுப்பீங்களா?” என்று அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான்.

“தரேன், தரேன். ரெண்டு கல்யாணத்தையும் வைகாசியிலயே வச்சிக்கலாம். மொதல்ல எறக்கு.”

நான் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். மாமா சொன்ன இரண்டு கல்யாணத்தில் ஒன்று என்னுடையது.

அண்ணனை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் காலை நேரம்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதற்குப் பிறகு அதிகம் இல்லை.

ஒரே பந்தல்

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனதையும், விக்கிரமங்கலத்தில் தாய்மாமா வீட்டில் நாங்கள் வளர்ந்ததையும் இந்தத் தொடரின் ஆரம்பத்திலேயே எழுதிவிட்டேன். இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

மாமாவுக்கு ஒரு பெண், ஒரு பையன். பெண் ஜெயக்கொடி. பையன் செல்வராசு. ஜெயக்கொடியை அண்ணனுக்கும் என்னைச் செல்வராசுக்கும் என்று நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோதே பேசி வைத்திருந்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். நகை கேட்க மாட்டார்கள், சீர் கேட்க மாட்டார்கள். ஒரே பந்தல், ஒரே முகூர்த்தம், ஒரே சமையல். ஆனால் ஒரு பக்கம் நின்றுபோனால் மறுபக்கமும் நின்றுபோகும். அதையும் எல்லாரும் அறிவார்கள்.

செல்வராசு ரைஸ்மில்லில் வேலை பார்த்தார். புருவத்திலும் காது மடலிலும் தவிடு படிந்திருக்கும். என்னைப்போலவே அவரும் பேசமாட்டார். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் கிணற்றடியில் எனக்கு முன்னால் வாளியை எடுத்து இரண்டு வாளி தண்ணீர் இறைத்து வைத்துவிட்டு, வந்ததுபோலவே போய்விடுவார். அவர் போன பிறகும் அங்கே தவிட்டு வாசனை இருக்கும். எங்களுக்குள் நடந்தது அவ்வளவுதான். எனக்கு அதுவே நிறைய நாள் தாங்கியது.

மாமாவுக்கு ஒரே தடங்கல் அண்ணனுடைய வேலை. அண்ணன் திருச்சியில் ஜட்கா வண்டி ஓட்டியவன். பிறகு பாடாலூர்ப் பக்கம் குதிரைப் பண்ணைக்கு வந்தான். குதிரை மேய்க்கிறவனுக்கா பெண் கொடுக்கிறாய் என்று விக்கிரமங்கலத்தில் நாலுபேர் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் மாமா நேரில் பார்க்க வந்தார். வந்த இடத்தில் அண்ணன் அவரைத் தூக்கி மேலே உட்காரவைத்துவிட்டான்.

குதிரை பங்களா

அப்போது எங்கள் பக்கமெல்லாம் திருச்சி ஜில்லாவில் இருந்தது. பாடாலூரில் பெரிய ரோட்டை விட்டுக் கிழக்கே திரும்பி, காரை என்ற ஊருக்குப் போகிற வழியில், கரிசல் காட்டுக்கு நடுவே அந்தப் பண்ணை இருந்தது. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு மேஜர் நிலம் வாங்கி, ஓட்டு வீடுகள் கட்டி, மெட்ராஸ் ரேஸில் ஓடிக் களைத்த குதிரைகளை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். லீவு நாட்களில் பட்டணத்துக்காரர்கள் குடும்பத்தோடு வந்து தங்குவார்கள். ஜனங்கள் அதைக் குதிரை பங்களா என்றார்கள். அந்த மாதிரி இடம் அந்தக் காலத்தில் வேறு எங்கேயும் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

காலையில் அண்ணன் அவர்களுக்குக் குதிரையைத் தேய்த்துவிடச் சொல்லிக்கொடுப்பான். கொள்ளு வைப்பது, குளம்பைத் தூக்கிக் கல் எடுப்பது, சேணம் கட்டுவது, அங்கவடியில் கால் வைத்து ஏறுவது எல்லாம் ஒவ்வொன்றாக நடக்கும். பிறகு மூங்கில் வேலி போட்ட வட்டத்துக்குள் சுற்றிவருவார்கள். சாயங்காலம் மேஜர் தானே முன்னால் போய்ச் சரித்திரம் சொல்வார். காரை ஓடைகளில் மண் அரித்துக் கிடக்கும் இடத்தில் கிளிஞ்சலைப் பொறுக்கிக் காட்டி, இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்பார். இன்னொரு நாள் ஜீப்பில் ஏற்றிச் சாத்தனூர் கல்மரத்துக்கோ திருமழபாடிக் கோயிலுக்கோ கூட்டிப்போவார்.

எனக்குச் சமையல் வேலை. பத்தாவது வரை படித்திருந்தேன். ஆனாலும் வெளியாட்கள் முன்னால் எனக்கு வாய் வராது. சாப்பாட்டை மேஜைமேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய் நின்றுகொள்வேன். யாராவது “இன்னும் கொஞ்சம் குழம்பு” என்று கேட்டால் கிண்ணம்தான் வெளியே வரும், நான் வரமாட்டேன். “உள்ள யாரு இருக்கா, பேயா?” என்று ஒரு விருந்தாளி கேட்டாராம். “என் தங்கச்சி சரோசாங்க. கல்யாணம் ஆனாத்தான் வெளியில வரும்” என்று அண்ணன் சொன்னானாம்.

நாக்கும் காலும்

குதிரையை நடக்கச் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. இரண்டு காலாலும் விலாவை லேசாக அணைத்தால் நடக்கும். மேஜர் அப்படித்தான் பழகியவர். அண்ணன் ஜட்காவில் பழகியவன். வண்டிக்காரன் கால் குதிரையைத் தொடாது, அதனால் நாக்கைச் சொடுக்குவான். மேல் அண்ணத்தில் நாக்கை ஒட்டி எடுத்தால் ‘த்ச்’ என்று வருமே, அந்தச் சத்தம். ஒருமுறை சொடுக்கினால் நடை, விடாமல் சொடுக்கினால் ஓட்டம்.

பண்ணைக் குதிரைகளுக்கும் அண்ணன் அதையே பழக்கிவிட்டான்.

மேஜருக்கு அது பிடிக்கவில்லை. “கலியா, குதிரைக்குக் காலால சொல்லணும். நாக்கால சொல்றது வண்டிக்காரன் பழக்கம்” என்றார்.

“வர்றவங்களுக்கு மேல ஏறினதும் கால் எங்க இருக்குன்னே தெரியலைங்க சார். நாக்கு ஒண்ணுதான் ஆடுது. அதையாச்சும் வச்சிப் பொழைக்கட்டுமே” என்றான் அண்ணன்.

மேஜர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். உண்மையிலேயே அது விருந்தாளிகளுக்குப் பிடித்திருந்தது. குழந்தைகூட நாக்கைச் சொடுக்கினால் அவ்வளவு பெரிய குதிரை அடியெடுத்து வைக்கும். பயந்து அழுதவர்கள்கூட அரைமணி நேரத்தில் ராஜாபோல உட்கார்ந்து வருவார்கள். மறுபடியும் வருகிறோம் என்று சொல்லிப் போவார்கள். அடுத்த வருஷத்திலிருந்து அண்ணனை மாஸ்டர் என்று வைத்து, தனி வீடு ஒன்றும் கட்டித் தருவதாக மேஜர் சொல்லியிருந்தார். அந்த வீட்டுக்குத்தான் ஜெயக்கொடி வர இருந்தாள்.

ஒருநாள் எனக்குப் பால் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது. ஐயோ பாவம் என்பதுபோல உச்சுக்கொட்டினேன். அந்தச் சத்தமும் இதுவும் ஒன்று என்பது எனக்குத் தோன்றவேயில்லை. கொஞ்சநேரத்தில் வாசல் இருட்டியது. திரும்பினால் வெள்ளி என்ற சாம்பல்நிறக் குதிரை, கட்டாமல் விட்டிருந்த கயிற்றை இழுத்துக்கொண்டு, தலையைச் சமையலறைக்குள் நீட்டி நிற்கிறது. நான் போட்ட கூச்சலில் அண்ணன் ஓடிவந்தான்.

“நீ கூப்பிட்டே, அது வந்திருச்சு. இதுக்கு ஏன் கத்துற?”

“நான் எங்கண்ணே கூப்பிட்டேன்?”

“உச்சுக் கொட்டினியா?”

“பாலு போச்சேன்னு கொட்டினேன்.”

“அதுக்குப் பாலு போனது தெரியுமா? கெளம்புன்னுதான் தெரியும்.”

எங்கள் அம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் உச்சுக்கொட்டும் பழக்கம் இருந்தது. ஆட்டுக்குட்டி நொண்டினாலும், பக்கத்து வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றாலும் கொட்டுவாள். அம்மா இருந்திருந்தால் பண்ணைக் குதிரையெல்லாம் பெரம்பலூர் போய்ச் சேர்ந்திருக்கும் என்று அன்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

பருத்திக்காட்டு அம்மன்

மாசி மாதம். பருத்தி வெடித்து வெள்ளையாக இருந்த சமயம்.

பண்ணைக்குக் கொஞ்ச தூரத்தில், ஓடைக்கரையில், தீப்பாய்ந்த அம்மன் என்று ஒரு சின்னக் கோயில் இருந்தது. கோயில் என்றால் வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசிய ஒரு கல். மேஜர் விருந்தாளிகளைக் குதிரையோடு அங்கே கூட்டிப்போய் நிறுத்தி அந்த அம்மன் கதையைச் சொல்வார். குதிரைமேல் உட்கார்ந்தபடியே கேட்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. அப்போதுதான் மனசில் நிற்கும் என்பார். நான் முன்னாலேயே நடந்து போய்ச் சுண்டலும் காப்பியும் வைத்துக்கொண்டு மரத்தடியில் காத்திருப்பேன்.

அன்றைக்கு மெட்ராஸிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவியும், அவர்கள் சிநேகிதர்கள் ஓரிருவரும் இருந்தார்கள். அந்த அம்மா வெள்ளிமேல் இருந்தார். குதிரைகள் அரைவட்டமாக நின்றன. வெள்ளி நின்றது ஓடைப்பக்கம். ஓடை அங்கே ஆளுயரத்துக்கும் அதிகமாக அரித்துச் செங்குத்தாக இறங்கியிருக்கும். அண்ணன் வெள்ளிக்கும் ஓடைக்கும் நடுவில் நின்றுகொண்டான். எப்போதும் அப்படித்தான் நிற்பான்.

பக்கத்துக் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் குதிரைகளைப் பார்த்துவிட்டு மடியில் பஞ்சோடு வந்து சேர்ந்தார்கள். அதுவரை அவர்கள் தூரத்திலிருந்துதான் பார்ப்பார்கள். அன்று மேஜரே, “வாங்கம்மா, உங்க சாமி கதைதான், நீங்களும் கேளுங்க” என்று கூப்பிட்டார்.

மேஜர் நன்றாகக் கதை சொல்வார். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் சண்டை நடந்தபோது புதுசாகக் கல்யாணமான ஒரு குதிரைக்காரன் படையோடு போனான். பெண்டாட்டி தினமும் இந்த மேட்டில் வந்து நின்று பார்ப்பாள். ஒருநாள் தூசி தெரிந்தது. அவன்தான் வருகிறான் என்று தலைக்குப் பூ வைத்துக்கொண்டு ஓடினாள். குதிரை மட்டும் வந்தது. சேணத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. அவள் குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, இங்கேயே தீ மூட்டி இறங்கினாள்.

மேஜர் நிறுத்தினார். காற்றில் வேப்பிலைச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அந்தப் பெண்கள் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள்.

ஒரு தடவையோடு நிற்கவில்லை. ஒருத்தி கொட்டியதைக் கேட்டு இன்னொருத்தி, அவளைப் பார்த்து அடுத்தவள், தலையை ஆட்டி ஆட்டி, விடாமல் கொட்டினார்கள். அத்தனை நாக்கின் சத்தத்தை அந்தக் குதிரைகள் ஒருநாளும் கேட்டிருக்காது.

எல்லாக் குதிரைகளும் ஒரே சமயத்தில் கிளம்பின. மற்றவை எதிரே இருந்த காட்டுக்குள் இறங்கின. வெள்ளிக்கு முன்னால் பெண்கள் கூட்டம் இருந்தது. அது பக்கவாட்டில் திரும்பியது. மேலே இருந்த அம்மா பயந்துபோய்க் குதிகாலால் விலாவை இறுக்கினார். அது இன்னும் வேகமாகப் போகச் சொல்வது என்று அவருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்திருக்காது. அண்ணன், “கொட்டாதீங்க, கொட்டாதீங்க” என்று கத்தினான். எதைக் கொட்டக்கூடாது என்று அந்தப் பெண்களுக்குப் புரியவில்லை. மடியிலிருந்த பஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

அண்ணன் அந்த அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக் கரையில் தள்ளினான். அதற்குள் மண் சரிந்தது. வெள்ளியும் அண்ணனும் ஓடைக்குள் போனார்கள்.

நான் எட்டிப் பார்த்தபோது அண்ணனின் முகம் மட்டும் தெரிந்தது. இடுப்புக்குக் கீழே வெள்ளி கிடந்தது. அது எழுந்திருக்கப் பார்த்துப் பார்த்து மறுபடியும் அவன்மேலேயே விழுந்தது.

எங்கே கிளம்புவது

ஜீப்பில் திருச்சி போகும்வரை அண்ணனின் தலையை அந்த மெட்ராஸ் அம்மாதான் மடியில் வைத்திருந்தார். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். அண்ணனின் முகத்தில் ஒட்டியிருந்த மண்ணைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே வந்தார்.

வலது காலைத் தொடைக்குப் பாதியில் எடுத்துவிட்டார்கள்.

நினைவு வந்ததும் என்னைத்தான் தேடினான். “வெள்ளி?” என்று கேட்டான்.

“கொட்டாயில நிக்குதுண்ணே” என்றேன்.

என் முகத்தைப் பார்த்தான். அதற்குப் பிறகு வெள்ளியைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. மேஜர் அன்று சாயங்காலமே துப்பாக்கியோடு ஓடைக்குத் திரும்பிப் போனார் என்று நான் பிறகு தெரிந்துகொண்டேன். அதன் முன்கால்கள் இரண்டும் உடைந்திருந்தனவாம்.

பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. விக்கிரமங்கலத்திலிருந்து வந்தார்கள், பாடாலூரிலிருந்து வந்தார்கள். போர்வை தட்டையாகக் கிடக்கும் இடத்தைப் பார்ப்பார்கள். உடனே உச்சுக்கொட்டுவார்கள். பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்களும் இந்தப் பக்கம் திரும்பி ஒருமுறை கொட்டிவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு தடவையும் அண்ணனின் கழுத்து நரம்பு இழுப்பதை நான் பார்த்தேன்.

பருத்திக்காட்டுப் பெண்களும் நிலக்கடலை மூட்டையோடு வந்தார்கள். தைலம்மை என்று ஒருத்தி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்களால்தான் வந்தது என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் எப்படி என்று அவளுக்கு விளங்கவில்லை. பேச வந்தவள் பேச முடியாமல் உச்சுக்கொட்டினாள்.

அண்ணன் அவளைக் கோபிக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னான்.

“கொட்டாத ஆயா. நீ கொட்டினா கெளம்பணும்னு தோணுது. நான் எங்க கெளம்புறது?”

தைலம்மை என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மாமா கேட்டது

பங்குனி கடைசியில் பண்ணைக்குத் திரும்பினோம். விருந்தாளிகள் வருவது நின்றுவிட்டது. மேஜர் குதிரைகளை விற்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் போகச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார். வந்தாலும் அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் கதவைப் பார்த்துப் பேசுவார்.

வைகாசி நெருங்கியது. கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அண்ணன் ஒவ்வொரு நாளும் ரோட்டுப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பான். பஸ் சத்தம் கேட்டால் சட்டையைச் சரிசெய்துகொள்வான்.

ஒருநாள் மத்தியானம் மாமா தனியாக வந்தார். துண்டை மடியில் வைத்து அதன் நூலைப் பிரித்துக்கொண்டே பேசினார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“மாப்ள, நான் பொண்ணப் பெத்தவன். நீ தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“எடுத்துக்கல மாமா.”

“அவ அழுவுறா. ஆனா அத்தைக்காரி ஒத்துக்க மாட்டேங்குறா.”

“சரி மாமா.”

மாமா துண்டிலிருந்து இன்னொரு நூலை உருவினார். அப்புறம், “சரோசாவ நாங்க வுடல. செல்வராசு அதத்தான் கட்டுவேங்குறான். ஒரு பக்கம் நின்னா இன்னொரு பக்கமும் நிக்கணும்னு ஊருதான் சொல்லும். நம்ம அதெல்லாம் பாக்க வேணாம். இன்னைக்கே வேணும்னாலும் கூட்டிட்டுப் போறேன்” என்றார்.

அண்ணனின் குரல் நிமிர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்படி ஒரு குரல் நான் கேட்கவில்லை. “கூட்டிட்டுப் போங்க மாமா. அது போதும் எனக்கு. அதுக்குத்தான் நான் பாத்துட்டே இருந்தேன்.”

அவன் ரோட்டைப் பார்த்துக் காத்திருந்தது ஜெயக்கொடிக்காக என்று நான் நினைத்திருந்தேன்.

“என்ன ஆயி, சரிதானே?” என்று மாமா கதவைப் பார்த்துக் கேட்டார். நான் பேசமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். பேசாவிட்டால் சரி என்றுதான் அர்த்தம். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் வாய்விட்டுச் சம்மதம் சொன்னதில்லை. அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

எனக்குத் தவிட்டு வாசனை நினைவுக்கு வந்தது. கிணற்றடியில் நிரம்பி நின்ற வாளி நினைவுக்கு வந்தது. கூடவே, கூடையில் வெங்காயம் பொறுக்குகிற கையும் நினைவுக்கு வந்தது. அழுகினதை ஒதுக்கிவிட்டு நல்லதை மட்டும் எடுத்துக்கொள்ளும் கை. மாமாவை நான் குறை சொல்லவில்லை. பசித்த காலத்தில் எங்களுக்குச் சோறு போட்டவர் அவர். ஆனால் அன்றைக்கு அந்தக் கைதான் கண்ணில் நின்றது.

“நான் வரல மாமா” என்றேன்.

என் குரல் எனக்கே யாருடையதோபோல இருந்தது. மாமா திரும்பிப் பார்த்தார். நான் கதவுக்கு முன்னால் வந்து நின்றிருந்தேன். எப்போது வந்தேன் என்று தெரியவில்லை.

“யாரக் கேட்டுச் சொன்ன?” என்றான் அண்ணன்.

என்னிடம் இருந்த வார்த்தை அதோடு தீர்ந்துவிட்டது.

“என் காலு போனது பத்தலைன்னு உன் வாழ்வையும் வாங்கி என் தலையில வைக்கிறியா? நாளைக்கு ஊரு என்னா சொல்லும்? ஒத்தக்கால் அண்ணனுக்கு ஆக்கிப்போட்டே கெழவியாயிட்டான்னு சொல்லும். நான் செத்தாலும் சொல்லும்.”

மாமா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அதன்பிறகு அவன் என்னோடு பேசவில்லை.

பாடாலூர்

குதிரைகளை ஏற்றிய லாரி போன பிறகு மேஜரும் போய்விட்டார். நாங்கள் பாடாலூரில் ரோட்டோரம் ஓர் அறை பிடித்தோம். லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டல் ஒன்றில் எனக்கு இட்லி ஊற்றும் வேலை கிடைத்தது. அண்ணன் சேணம் தைத்த ஊசியை வைத்துக்கொண்டு சைக்கிள் சீட்டுக்கு உறை தைத்தான்.

உறை வாங்க வருகிறவர்களோடு பேசுவான், சிரிக்கக்கூடச் செய்வான். எனக்குச் சொல்லவேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வான். “தண்ணி இல்லபோல இருக்கு” என்பான் சுவரிடம். நான் கொண்டுவந்து வைப்பேன். நான் கையை எடுக்கும்வரை செம்பைத் தொடமாட்டான். சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு நான் வெளியே போனால்தான் சாப்பிடுவான். அவனுக்காக நின்றேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கோ என்னைப் பார்க்கும் ஒவ்வொரு நேரமும் போன கால் இன்னொருமுறை போனது.

ஆவணியில் மாமா பத்திரிகையோடு வந்தார். ஜெயக்கொடிக்கும் செல்வராசுக்கும் வேறொரு குடும்பத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுத்திருந்தார்கள். ஒரே பந்தல், ஒரே முகூர்த்தம். பத்திரிகையைத் தட்டில் வைத்து நீட்டினார். அண்ணன் வாங்கிக்கொண்டான்.

போகமாட்டோம் என்றுதான் நினைத்தேன். அன்று காலையில் அண்ணன் முகம் சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கக்கத்தில் ஊன்றுகட்டையோடு வாசலில் நின்றான். நானும் கிளம்பினேன். அரியலூரில் பஸ் மாறும்போது கண்டக்டர் கைகொடுக்க வந்தார். வேண்டாம் என்று தானே ஏறினான்.

பந்தலில் அவனை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். நான் பெண்களோடு ஓரமாக நின்றேன். செல்வராசு தாலி கட்டும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாதஸ்வரம் முடிந்த பிறகுதான் தலை நிமிர்ந்தேன். அவர் புருவத்தில் தவிடு இல்லை. வேறு யாரோபோல இருந்தார்.

தாலி கட்டியதும் பெரியவர்கள் காலில் விழுந்து எழும் சடங்கு நடந்தது. மாமா ஜெயக்கொடியையும் மாப்பிள்ளையையும் அண்ணன் முன்னால் கூட்டிவந்தார். “இவனும் பெரியவன்தான், ஆசீர்வாதம் வாங்கிக்கங்க” என்றார்.

அண்ணன் வேண்டாம் என்று சொல்வதற்குள் ஜெயக்கொடி குனிந்துவிட்டாள். குனிகிற வேகத்தில் இரண்டு கையையும் நீட்டிவிட்டாள். ஒரு கை அவன் பாதத்தைத் தொட்டது. இன்னொரு கை கொஞ்சநேரம் அப்படியே நின்றது. பிறகு அவள் அதை வெறும் தரையில் வைத்தாள். எழுந்திருக்கவேயில்லை. மாப்பிள்ளை எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் அவள் தலையில் கைவைத்து, “எந்திரி புள்ள. நல்லா இரு” என்றான்.

அவனே கேட்டுப் பந்தியில் உட்கார்ந்தான். இலையில் வைத்தது எல்லாவற்றையும் சாப்பிட்டான். பாயசம் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டான். நாலுபேர் வந்து பார்த்தார்கள், அவர்களோடு மழையைப் பற்றிப் பேசினான்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவன் உட்கார்ந்தான். எங்கள் நடுவில் கட்டை சாய்ந்திருந்தது. வெளியே வெயில் தாழ்ந்து, சோளக்காடு மஞ்சளாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. வெகுதூரம் அவன் அதையே பார்த்துக்கொண்டு வந்தான். அவன் என்னோடு பேசுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினான்.

“சாப்பாட்டுல உப்பு கம்மி, இல்ல?” என்றான்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.

“ஆமாண்ணே” என்றேன்.